பிரைம் மூவரின் ஃபிஃப்த் வீலும் லாரித் தளமும்: பொருத்துவது, பார்த்துக்கொள்வது

"அண்ணே, பிரேக் அடிச்சா பின்னாடி டக்குனு ஒரு தட்டு தட்டுது." சிங்கப்பூரின் துவாஸில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் பிரைம் மூவர் (டிரெய்லரை இழுக்கும் முன்வண்டி) டிரைவர்களில் நிறையப் பேர் இதைச் சொல்லிக்கொண்டேதான் வண்டியை விட்டு இறங்குவார்கள். போய்ப் பார்த்தால் டிரெய்லரின் கிங்பின் என்கிற இரும்பு முளைக்கும், அதைப் பிடிக்கும் ஃபிஃப்த் வீலின் தாடைக்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கும். கடைசியாக எப்போது சுத்தம் செய்து கிரீஸ் வைத்தீர்கள் என்று கேட்டால், கையேட்டில் போட்ட கிலோமீட்டர் இன்னும் வரவில்லை என்பார்கள்.

அவர்கள் சொல்வது பொய்யில்லை. கிலோமீட்டர் வந்திருக்காது. கையேடு எழுதினவர் மனதில் இருந்தது ஒரே டிரெய்லரை நெடுஞ்சாலையில் நாள் முழுக்க இழுக்கும் வண்டி. நம் தீவோ கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டர் சொச்சம்தான். பாசிர் பாஞ்சாங்கில் ஒரு கன்டெய்னர் பெட்டியை எடுத்து ஜாலான் புரோவில் விட்டு, அங்கே காலி டிரெய்லரை மாட்டி துவாஸுக்கு ஓடி, மறுபடி ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டுகிற வண்டிக்கு மீட்டர் ஏறாது, தேய்மானம் மட்டும் ஏறும். அதனால் நான் எல்லாரிடமும் சொல்வது இதுதான்: இங்கே கிலோமீட்டரை விடுங்கள், எத்தனை முறை மாட்டிக் கழற்றினீர்கள் என்று எண்ணுங்கள்.

ஒரு விளக்கம் முதலில். இணையத்தில் ஃபிஃப்த் வீல் என்று தேடினால் அமெரிக்கப் பிக்கப் வண்டிகள்தான் வரும். தளத்தின் நடுவே இரண்டு தண்டவாளம்போல இரும்பை முடுக்கி, அதன்மேல் கொக்கியை வைத்து, வீடு மாதிரி ஒரு டிரெய்லரை இழுப்பார்கள். நம் ஊரில் ஃபிஃப்த் வீல் என்றால் பிரைம் மூவரின் முதுகில் இருக்கும் குதிரை லாட வடிவத் தட்டு. வேலை செய்யும் விதம் இரண்டிலும் ஒன்றே. டிரெய்லரின் அடியில் தொங்கும் கிங்பின் தட்டின் வாய்க்குள் நுழையும், தாடை மூடும், பூட்டுக் கம்பி குறுக்கே வந்து நிற்கும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

தட்டின் பக்கவாட்டில் ஒரு சிறு தகடு இருக்கும். அதில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று, மேலிருந்து எத்தனை டன் பாரம் தாங்கும் என்பது. மற்றது டி மதிப்பு, அதாவது இழுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் வரும் கிடைமட்ட விசையை எவ்வளவு தாங்கும் என்பது. கணக்கு எளிது. ஃபிஃப்த் வீல் மேல் விழும் பாரத்தையும் சேர்த்து பிரைம் மூவர் 18 டன், டிரெய்லர் 33 டன், ஃபிஃப்த் வீல் மேல் விழுவது 10.5 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18-ஐ 33-ஆல் பெருக்கினால் 594. முதல் இரண்டையும் சேர்த்து மூன்றாவதைக் கழித்தால், அதாவது 18 + 33 − 10.5, 40.5. முதலாவதை இரண்டாவதால் வகுத்து, 0.6-ஆலும் 9.81-ஆலும் பெருக்கினால் ஏறக்குறைய 86 கிலோ நியூட்டன். தகட்டில் இருக்கும் எண் இதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று தகடு பிய்ந்துபோன ஃபிஃப்த் வீலை வாங்கி வருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

அடுத்தது உயரம். இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். சாலையில் சுமையோடு சேர்த்து 4.5 மீட்டருக்கு மேல் போனால் எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) அனுமதியும் வழித்துணை வண்டியும் தேவை. ஹை கியூப் என்கிற உயரம் கூடிய கன்டெய்னரின் உயரம் மட்டும் 2.896 மீட்டர். மிச்சம் இருப்பது 1.6 மீட்டர். அதற்குள் டயர், சேசிஸ், ஃபிஃப்த் வீல், டிரெய்லரின் கழுத்து எல்லாம் அடங்க வேண்டும். ஃபிஃப்த் வீலைத் தாங்கும் பீடம் கால் அடி கூடுதல் உயரமானது என்று தெரியாமல் மாட்டிவிட்டால் அந்த வண்டி சாதாரண உயரப் பெட்டிக்குத்தான் லாயக்கு, ஹை கியூப் ஏற்ற முடியாது.

கிங்பின் அளவு பெரும்பாலும் 2 அங்குலம், 50.8 மில்லிமீட்டர். கனரக வேலைக்கு 3.5 அங்குலமும் உண்டு. ஒன்றுக்கு இன்னொன்றின் தாடை பொருந்தாது.

பொருத்தும் வேலை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு ஆப்பு வைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஃபிஃப்த் வீல் 150 கிலோவைத் தாண்டக்கூடும். இரண்டு பேர் தூக்கிவிடலாம் என்று யாரும் கை வைக்க வேண்டாம். ஃபோர்க்லிஃப்டோ மேலே ஓடும் கிரேனோ வேண்டும்.

எங்கே வைப்பது? வண்டித் தயாரிப்பாளரின் வரைபடம் சொல்லும் இடத்தில். பொதுவாக, ஒற்றை டிரைவ் ஆக்ஸில் வண்டியில் ஆக்ஸிலின் மையத்துக்குக் கொஞ்சம் முன்னால் வரும். பாரத்தில் ஒரு பங்கு முன் சக்கரத்துக்குப் போக வேண்டும் என்பதால். பின்னால் தள்ளி வைத்தால் ஸ்டீயரிங் இலேசாகிவிடும், மழையில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. ரொம்ப முன்னால் வைத்தால் திரும்பும்போது டிரெய்லரின் மூலை கேபினில் இடிக்கும். ஆகவே இடத்தைக் குறித்ததும் டேப்பைப் பிடித்து, கிங்பின் மையத்திலிருந்து கேபினின் பின்சுவர், ஏர் ஹோஸ் தாங்கி, பின்பக்க மட்கார்டு என்று ஒவ்வொன்றுக்கும் உள்ள தூரத்தை அளந்துவிடுங்கள். நீங்கள் இழுக்கப்போகும் டிரெய்லர்களில் முன்பகுதி நீளமானது எதுவோ அதை வைத்துக் கணக்கிடுங்கள். சராசரியை வைத்து அல்ல.

சேசிஸ் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடக்கூடாது. வெல்டிங் வைக்கவும் கூடாது. துளை தேவையென்றால் சட்டத்தின் நிமிர்ந்த பக்கத்தில், தயாரிப்பாளர் அனுமதித்த இடத்தில் மட்டும். வார்ப்பில் செய்த ஃபிஃப்த் வீலிலும் பீடத்திலும் வெல்டிங் கூடவே கூடாது. விரிசல் தெரிந்தால் ஒட்டிப் பார்க்காதீர்கள், தூக்கிப் போடுங்கள். சேசிஸில் எந்த மாற்றம் என்றாலும் அனுமதி தேவையா என்று எல்டிஏயிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. ஆய்வு நிலையத்தில் திரும்பி வந்தால் செலவு இரட்டிப்பு.

இப்போது போல்ட். இந்த வேலையில் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று பீடத் தட்டின் அடியிலும் அதை ஏந்தும் ஆங்கிள் இரும்பிலும் இரண்டு கோட்டிங் பெயிண்ட் தடிமனாக அடித்து, காய்ந்ததும் முடுக்கினேன். டார்க் ரென்ச் (முறுக்கு விசையை அளந்து முடுக்கும் ஸ்பானர்) வைத்துச் சரியாகத்தான் முடுக்கினேன். ஒரு மாதம் கழித்து அந்த வண்டி வந்தபோது, போல்ட் தலைகளைச் சுற்றி யாரோ குங்குமம் வைத்ததுபோலச் செந்தூள். விரலால் தொட்டால் மாவாக ஒட்டியது. ஸ்பானரை வைத்தால் நான்கு போல்ட்டுகள் சிரமமே இல்லாமல் திரும்பின. பாரம் ஏறி இறங்க ஏறி இறங்க பெயிண்ட் நசுங்கி மெலிந்துவிட்டது. பெயிண்ட் மெலிந்த அளவுக்குப் போல்ட்டின் இழுவை போய்விட்டது. இழுவை போனதும் இரும்பும் இரும்பும் உரசி அந்தத் தூள் கிளம்பியது. "போல்ட் இறுக்கிப் பிடிக்கிறது இரும்பையா, பெயிண்டையா?" என்று எனக்கு மூத்த மெக்கானிக் அங்கிள் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆகவே ஒட்டும் பரப்புகளைச் சுரண்டி, மெல்லிய பிரைமர் ஒரு கோட்டிங் தவிர வேறு எதுவும் இல்லாமல் வையுங்கள். போல்ட்டும் நட்டும் புதியவை, தயாரிப்பாளர் சொன்ன தரத்தில், 8.8 அல்லது 10.9. தடிமனான கடின வாஷர் போடுங்கள், ஸ்பிரிங் வாஷர் வேண்டாம். எல்லாப் போல்ட்டையும் கையால் பூட்டிய பிறகு, நடுவிலிருந்து வெளியே, எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றுகளில் முடுக்குங்கள். எவ்வளவு டார்க் என்பதைத் தயாரிப்பாளரின் அட்டவணையில் பாருங்கள், போல்ட்டின் தரத்துக்கும் மரைக்கும் ஏற்ப அது மாறும். ஏர் கன்னால் அடித்து முடிப்பது வேலையே அல்ல. பீடத்தின் முன்னும் பின்னும் தடுப்புக் கட்டைகள் இருந்தால் அவை இடைவெளியின்றி ஒட்டி நிற்க வேண்டும். முன்பின் விசையை அவைதான் ஏற்க வேண்டும், போல்ட் அதை ஏற்கக்கூடாது.

முடித்ததும் ஒவ்வொரு நட்டிலிருந்து தட்டு வரை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். நட்டு நகர்ந்தால் கோடு உடையும், காலையில் டார்ச் அடித்தாலே தெரியும். பாரத்தோடு ஓடிய முதல் சில நாள்களுக்குப் பிறகு ஒருமுறை டார்க் ரென்ச் வைத்துப் பாருங்கள்.

தட்டை முன்னும் பின்னும் கையால் சாய்த்துப் பாருங்கள். சட்டத்திலோ ஹோஸிலோ தட்டக்கூடாது. அப்புறம், புதிய ஃபிஃப்த் வீலின் சரிசெய்யும் திருகைத் தொடாதீர்கள். தொழிற்சாலையில் வைத்த அளவு அது. ஆர்வத்தில் முடுக்கிவிட்டால் தாடை முழுவதும் மூடாது.

மாட்டும்போது

டிரைவர்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் நடந்த விபத்துகளில் பெரும்பாலானவை தெரிந்த வேலையில்தான்.

டிரெய்லரின் சக்கரத்துக்கு ஆப்பு இருக்கிறதா, அதன் தட்டு ஃபிஃப்த் வீலைவிடச் சற்றே தாழ்ந்து நிற்கிறதா என்று இறங்கிப் பாருங்கள். பின்னால் போகும்போது ஃபிஃப்த் வீலின் சரிவு டிரெய்லரைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நுழைய வேண்டும். டிரெய்லர் உயரமாக நின்றால் கிங்பின் தாடைக்குள் போகாமல் அதன் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். மாட்டியதுபோலத்தான் இருக்கும், சத்தமும் வரும். முதல் வளைவில் தெரியும் சேதி. யார்டில் தரை பள்ளம் மேடாக இருக்கும் இடங்களில் இது அடிக்கடி நடக்கும், டிரெய்லரின் முன்பகுதியைத் தாங்கும் லேண்டிங் லெக்கை யாராவது நாலு சுற்று கூடுதலாக இறக்கி விட்டிருப்பார்கள்.

உள்ளே போனதும், டிரெய்லரின் பிரேக் பிடித்திருக்க, முதல் கியரில் இலேசாக முன்னால் இழுத்துப் பாருங்கள். இரண்டு முறை. பிறகு இறங்கி, டார்ச்சை எடுத்துக் குனிந்து பாருங்கள். மூன்று விஷயம்: தட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவே வெளிச்சம் தெரியக்கூடாது, தாடை கிங்பின்னின் கழுத்தைச் சுற்றி மூடியிருக்க வேண்டும், கைப்பிடி முழுவதும் உள்ளே போய்ப் பாதுகாப்புக் கிளிப் மாட்டியிருக்க வேண்டும். இழுத்துப் பார்த்தோமே, போதும் என்று நினைக்காதீர்கள். மேலே உட்கார்ந்த கிங்பின்கூடச் சில நேரம் அந்த இழுப்பைத் தாங்கிவிடும். கண்ணால் பார்த்தால்தான் நம்பலாம். சிவப்பு ஹோஸ், மஞ்சள் ஹோஸ், விளக்கு வயர் மாட்டி, லேண்டிங் லெக்கை முழுவதும் ஏற்றிவிட்டுத்தான் ஆப்பை எடுக்க வேண்டும். வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவே நீங்கள் நிற்கும்போது கேபினில் வேறு யாரும் இருக்கக்கூடாது, சாவி உங்கள் பையில் இருக்கட்டும்.

கிரீஸும் தேய்மானமும்

பழைய கிரீஸ் மேலேயே புதிய கிரீஸ் அப்புவதுதான் நான் பார்க்கும் பெரிய தவறு. மணலும் இரும்புத் தூளும் கலந்த கறுப்புக் கிரீஸ் எண்ணெய் போட்ட உப்புத்தாள் மாதிரி, அதுவே தாடையைத் தின்னும். முதலில் பிளாஸ்டிக் சுரண்டியால் தட்டையும் வாயையும் வழித்தெடுத்து, பழந்துணியால் துடையுங்கள். வழித்ததை டின்னில் போட்டு மூடி, உரிமம் பெற்ற கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். கால்வாயில் கழுவி விடுவது குற்றம், இங்கே கால்வாய் நீர் எங்கே போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

சுத்தமான பிறகு, அழுத்தம் தாங்கும் கிரீஸ், மாலிப்டினம் கலந்ததாக இருந்தால் நல்லது, தட்டின் பள்ளங்களிலும் தாடையின் உள்ளேயும் பூட்டுக் கம்பியிலும் வையுங்கள். கிரீஸ் நிப்பிள் இருந்தால் கன்னால் அழுத்துங்கள். அள்ளி அப்ப வேண்டாம். மிஞ்சியது வெயிலில் உருகி ரோட்டில் விழும், பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரர் அதில் வழுக்குவார். தட்டின் மேல் பிளாஸ்டிக் படலம் உள்ள வகை என்றால் மேலே கிரீஸ் தேவையில்லை, தாடைக்கு மட்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? நாளுக்குப் பத்து முறை மாட்டிக் கழற்றும் வண்டிக்கு வாரம் ஒருமுறை சுத்தம் செய்து கிரீஸ் வைக்கச் சொல்வேன். ஒரே டிரெய்லரோடு சுற்றும் வண்டிக்கு மாதம் ஒருமுறை போதும். நவம்பர், டிசம்பர் மழையில் இரண்டையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள். கேபினில் ஒரு சின்ன நோட்டு வைத்து, மாட்டும்போதெல்லாம் ஒரு கோடு போட்டு வந்தால் போதும், சரியான கணக்கு கிடைத்துவிடும்.

தட்டுதல் வந்தால் உடனே திருகை முடுக்கப் போகாதீர்கள். தேய்ந்தது தாடையா, கிங்பின்னா என்று முதலில் கண்டுபிடியுங்கள். நம் பிரைம் மூவர்கள் ஊரில் உள்ள டிரெய்லரையெல்லாம் இழுக்கின்றன. தேய்ந்த கிங்பின் உள்ள ஒரு டிரெய்லருக்காகத் தாடையை முடுக்கினால், மறுநாள் நல்ல கிங்பின் உள்ளே போகாமல் முரண்டு பிடிக்கும். 2 அங்குலக் கிங்பின்னின் கழுத்து 50.8-லிருந்து 49 மில்லிமீட்டருக்கும், அதன் தடித்த பாகம் 73-லிருந்து 71-க்கும் குறைந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். கேஜ் இருந்தால் அரை நிமிட வேலை. கிங்பின் அளவு சரியாக உள்ள டிரெய்லரை மாட்டி, அதன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். அப்போதும் ஆட்டம் இருந்தால் தாடையில்தான் கோளாறு. கையேடு சொல்லும் அளவுக்குத் திருகைச் சரிசெய்யுங்கள். திருகு முடிந்துவிட்டது என்றால் தாடையும் தேய்மான வளையமும் மாற்றும் காலம். பீடத்தில் உள்ள ரப்பர் மெத்தையையும் அப்போதே பார்த்துவிடுங்கள், சில தட்டுதல்கள் அங்கிருந்தும் வரும்.

பத்து வயதுக்குள் உள்ள வண்டிக்கு வருடம் ஒருமுறை, தாண்டியதற்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு. அதற்கு ஒரு வாரம் முன்பே இதையெல்லாம் பார்த்துவிட்டால் பதற்றம் இல்லை.

லாரித் தளமும் பிக்கப் தளமும்

தளத்தைக் காப்பதில் பெரிய வித்தை கிடையாது, பொருளைத் தேர்வு செய்வதில்தான் பணம் போகிறது. 14 அடி லாரியின் தளம் சுமார் 9 சதுர மீட்டர். அதன் மேல் 3 மில்லிமீட்டர் இரும்புச் செக்கர் பிளேட் விரித்தால் 210 கிலோவுக்கு மேல் ஏறும். அதே கனத்தில் அலுமினியம் என்றால் 73 கிலோதான். வண்டியின் மொத்த எடை வரம்பு மாறாது, ஆகவே இரும்பு விரித்தவர் ஒவ்வொரு நடையிலும் ஏறக்குறைய மூன்று மூட்டை சிமெண்டைக் கீழே விட்டுப் போகிறார் என்று அர்த்தம். ஆனால் ஃபோர்க்லிஃப்ட் கொம்பும் கம்பிக் கட்டும் விழும் லாரிக்கு அலுமினியம் தாங்காது. மரப்பலகைத் தளத்தின் மேல், சுமை விழும் பின்பாதிக்கு மட்டும் இரும்பு, மற்ற இடத்துக்கு மரைன் பிளைவுட் என்று நான் பிரித்துப் போடுவேன்.

அலுமினியத்தை நேரே இரும்பின் மேல் ஒட்டி வைக்காதீர்கள். கடற்காற்றும் மழைநீரும் நடுவே புகுந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். நடுவே பியூட்டைல் டேப்போ ரப்பர் தாளோ வேண்டும். ஈரச் சிமெண்ட்டும் அலுமினியத்தை அரிக்கும், அன்றன்றே கழுவுங்கள்.

இங்கேயும் போல்ட் விஷயம் வரும். தளத்தில் வளையமோ பெட்டியோ, பிக்கப்பில் கொக்கித் தண்டவாளமோ முடுக்கும் இடத்தில், தளத்தின் மேல் போட்ட பிளாஸ்டிக் லைனரை அப்படியே விட்டுவிட்டு மேலே முடுக்கக்கூடாது. அந்த அளவுக்கு வெட்டி எடுத்து, இரும்பின் மேல் இரும்பு உட்காரும்படி வையுங்கள். பிளாஸ்டிக் அழுத்தத்தில் மெல்ல வழிந்து ஒதுங்கும், பெயிண்ட் கதைதான் மறுபடியும்.

ஹைலக்ஸ், டி-மேக்ஸ் மாதிரிப் பிக்கப்புகளுக்கு இரண்டு வழி. வார்த்த பிளாஸ்டிக் தொட்டியை அப்படியே இறக்கி வைப்பது மலிவு. ஆனால் அடியில் தண்ணீரும் மணலும் தங்கும், வண்டி அசைய அசைய பெயிண்டை உரசும். மேலே பளபளப்பாக இருக்கும், இரண்டு வருடம் கழித்துத் தூக்கினால் கீழே துரு. அதை வைத்திருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூக்கிக் கழுவி, வெயிலில் காயவிட்டு மறுபடி போடட்டும்.

தெளிக்கும் வகை, பாலியூரியா, விலை கூடுதல். எனக்குப் பிடித்தது அதுதான். தயாரிப்புதான் முக்கால் வேலை: டீகிரீசரால் கழுவி, உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, துரு இருந்தால் இரும்பு தெரியும்வரை எடுத்துப் பிரைமர் அடித்து, போல்ட் துளைகளையும் வடிகால் துளைகளையும் டேப்பால் மூட வேண்டும். நம் ஊரில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 30 டிகிரி வெப்பம், 80 விழுக்காடு ஈரப்பதம் என்றால் 26 டிகிரிக்கே பனி படியும். காலையில் இரும்பு அதைவிடக் குளிர்ந்திருக்கலாம், கண்ணுக்குத் தெரியாத ஈரம் மேலே இருக்கும், அதன்மேல் தெளித்தால் தோல் உரிந்துவரும். தகட்டின் வெப்பம் பனிப்புள்ளியைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். பத்து மணிக்கு மேல், கூரைக்கு அடியில், மதிய இடிமழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள். தெளிக்கும்போது வரும் புகையில் ஐசோசயனேட் உண்டு, நுரையீரலைக் கெடுக்கும். துணி முகக்கவசம் போட்டுக்கொண்டு இந்த வேலையைச் செய்ய வேண்டாம், காற்றுக் குழாய் வைத்த முகமூடி உள்ள கடையில் கொடுத்துவிடுங்கள்.

காய்ந்ததும் டேப்பைப் பிய்த்து எடுங்கள். மூலைகளில் உள்ள வடிகால் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று ஒரு சைக்கிள் கம்பியை விட்டுப் பார்த்து, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். நான்கு மூலையிலும் சொட்ட வேண்டும். எங்கே சொட்டவில்லையோ, அந்த மூலையில்தான் அடுத்த துரு கிளம்பும்.